‘தொடர்பில்லாத பொருள்’: நம் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுவினருக்கு,

சென்ற மாதக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு மின்னஞ்சலில் வந்தது. ஏழாவது பொருள்: ‘32ஆம் சேனலுக்கு நன்கொடை. தொடர்பில்லாத பொருள். நிராகரிக்கப்பட்டது.’ அந்தப் பொருளைக் கொண்டுவந்தவள் நான். பதினோரு நிமிடம் பேசினோம். அதில் நான்கு நிமிடம் ஸூம் இணைப்பு அறுந்ததில் போயிற்று. அதற்கு முந்தைய பொருள், சித்திரை விழாவுக்குச் சென்னையிலிருந்து பாடகரை வரவழைக்கும் செலவு. நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டலோடு நிறைவேற்றினோம். பாடகர் வரட்டும், நானும் முன்வரிசை டிக்கெட்தான் வாங்குவேன். என் வழக்கு அந்த ஏழாவது வரியோடு.

அன்று மூன்று காரணங்கள் வந்தன. ‘இது அரசியல், நம்ம வரிவிலக்குக்கே ஆபத்து’ என்றார் பொருளாளர். ‘இப்ப யாரு அக்கா டிவி பார்க்கிறா, எல்லாம் யூட்யூப்தானே’ என்றார் இளைஞர் அணித் தம்பி. மூன்றாவது, மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒருவர் சொன்னது: ‘அது அவங்க டிவி. நமக்கு எதுக்கு?’ அவர் யார் என்று எழுதப் போவதில்லை. மறுத்து ஒருவரும் பேசவில்லை; நானும் வாயடைத்துப் போனேன். அன்று சொல்ல வராததை இப்போது எழுதுகிறேன்.

எந்த டிவியைப் பற்றிப் பேசினோம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. வாஷிங்டன் நகருக்குள், ஜார்ஜியா அவென்யூவை ஒட்டி இருக்கும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் நிலையம் அது. (நம்மவர்கள் வீடு வாங்கிக் குடியேறும் ஹாவர்ட் கவுண்டிக்கும் இதற்கும் பெயரில்தான் ஒற்றுமை.) 1867இல், அடிமைமுறை ஒழிந்த இரண்டாவது ஆண்டு, கறுப்பின மக்கள் படிக்கவென்று தொடங்கிய பல்கலைக்கழகம். 1980 நவம்பர் 17 அன்று அங்கிருந்து 32ஆம் சேனல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. கறுப்பின மக்களின் உரிமையில் அமைந்த, நாட்டின் முதல் பொதுத் தொலைக்காட்சி. முதலில் வேறு பெயர், 1998இலிருந்து டபிள்யூ.எச்.யு.டி.

பொதுத் தொலைக்காட்சி என்றதும் நமக்குத் தூர்தர்ஷன் ஞாபகம் வந்துவிடுகிறது. அது வேறு, இது வேறு. இங்கே நிலையத்தின் உரிமம் ஒரு பல்கலைக்கழகத்திடம் இருக்கும், அல்லது உள்ளூர் அறநிறுவனத்திடம், சில மாநிலங்களில் மாநில ஆணையத்திடம். 1967ஆம் ஆண்டுச் சட்டம் நடுவில் ஒரு கழகத்தை அமைத்தது. கூட்டரசின் பணம் அதன் கைக்கு வந்தது. அரசியல்வாதியின் கை நுழையாமல் அது நிலையங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் நேராக உள்ளூர் நிலையங்களுக்கே போனது. நாட்டில் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.60 டாலர். நம் விழாக் கடையில் ஒரு மெதுவடை அதைவிட அதிகம்.

அந்தப் பணத்தைத்தான் 2025 ஜூலையில் காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. செனட்டில் 51க்கு 48, கீழவையில் 216க்கு 213. இரண்டு ஆண்டுகளுக்கென்று முன்பே ஒதுக்கிய 110 கோடி டாலர். ஆகஸ்ட் முதல் தேதியே அந்தக் கழகம் கடையை மூடப்போவதாக அறிவித்தது; 2026 ஜனவரியில் தன்னைத்தானே கலைத்துக்கொள்ள முடிவெடுத்தது. பெரிய நகரத்துப் பெரிய நிலையங்களுக்குக் கொழுத்த நன்கொடையாளர்கள் உண்டு. அடி விழுவது கிராமத்து நிலையங்கள்மேலும், கையில் காசில்லாத மக்களுக்காக நடக்கிற நிலையங்கள்மேலும்தான். நான் கேட்டது 32ஆம் சேனலுக்கு ஆயிரம் டாலர். பாடகருக்கு எடுக்கும் விமான டிக்கெட் அதைவிடக் கூட.

இனி என் கதைக்கு வருகிறேன். நீங்கள் கேட்டது தொடர்புதானே.

2001இல், கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில், எட்டு மாதக் கைக்குழந்தையோடு ஹயாட்ஸ்வில்லில் வந்து இறங்கினேன். வாடகை குறைவு என்பதால் அங்கே வீடு எடுத்தோம். ‘அந்த ஏரியாவிலயா?’ என்று கேட்காத தமிழர் இல்லை. பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை, நாட்டிலேயே வசதியான கறுப்பினக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் அது ஒன்று என்பதெல்லாம் கேட்டவர்களுக்கும் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. வேலைக்குப் போக விசா இடம் தரவில்லை. கார் ஓட்டத் தெரியாது. கேபிள் இணைப்புக்குக் காசில்லை. கணவர் ஒரு பழைய டிவியையும் முயல்காது மாதிரி இரண்டு கம்பி நீட்டிய ஆன்டெனாவையும் பன்னிரண்டு டாலருக்கு வாங்கி வந்தார். ஜன்னல் பக்கம் திருப்பி, நுனியில் அலுமினியத் தாளைச் சுற்றினால் 32 பளிச்சென்று வரும்.

பகலில் குழந்தை அங்கே எழுத்துப் பாட்டு கேட்டாள். நானும் கேட்டேன், என் ஆங்கிலம் பாதி அங்கே கற்றதுதான். இரவில், அவள் தூங்கிய பிறகு, கோஜோ நாம்டி நடத்திய ‘ஈவ்னிங் எக்ஸ்சேஞ்ச்’ என்ற உரையாடல் நிகழ்ச்சி. 1985இலிருந்து 2011 வரை அவர்தான் நடத்தினார். கயானாவில் பிறந்தவர். நம் மாரியம்மன் கப்பலேறிப் போன அதே கயானா. எதிரில் உட்கார்ந்தவர்கள் யார் என்கிறீர்கள்? நகரவை உறுப்பினர், பள்ளித் தலைமையாசிரியர், பாதிரியார், வழக்கறிஞர், தெருவில் சங்கம் வைத்திருக்கும் அம்மா. குரலை உயர்த்தாமல் கேட்பார். பதில் வராவிட்டால் அதே கேள்வியை இன்னொரு முறை கேட்பார். வார்டு என்றால் என்ன, பள்ளிக்குப் பணம் எந்த வரியிலிருந்து வருகிறது, இங்கே போலீஸ் மீது புகார் கொடுக்க எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அந்த நாற்காலியிலிருந்துதான் தெரிந்தது.

ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். 2003 மழைக்காலத்தில் எங்கள் குளியலறைக் கூரை ஒழுகி, ஒரு பாளம் பெயர்ந்து குழந்தையின் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு ஆறு முறை போன் செய்தோம். ‘பார்க்கிறோம்’ என்றார்கள். விசாவில் இருக்கிறோமே, வம்பெதற்கு என்று நாங்களும் வாளி வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். ஒரு இரவு அந்த நிகழ்ச்சியில் வாடகைப் பிரச்சினை. மேரிலாண்டில் வீடு ஆபத்தான நிலையில் இருந்தும் உரிமையாளர் சரிசெய்யாவிட்டால், வாடகையை நீதிமன்றத்தில் கட்ட அனுமதி கேட்கலாம் என்றும், அதற்கு முன் பதிவுத் தபாலில் எழுத்து மூலம் தெரிவித்துவிட வேண்டும் என்றும் ஒரு பெண் வழக்கறிஞர் சொன்னார். பால் டப்பா அட்டையில் குறித்துக்கொண்டேன். மறுநாள் தபால் போட்டோம். ஒன்பதாம் நாள் கொத்தனார் வந்தார். நீதிமன்ற வாசலை மிதிக்க வேண்டியே வரவில்லை.

அந்த வழக்கறிஞர் என்னை நினைத்துப் பேசவில்லை. தன் மக்களை, வாடகை வீட்டில் ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கும் கறுப்பினக் குடும்பங்களை நினைத்துப் பேசினார். அதே கூரைக்குக் கீழே நானும் இருந்ததால் எனக்கும் கேட்டது. அவ்வளவுதான் ‘தொடர்பு’.

அடுத்த வீட்டில் ஒரு பாட்டி. அரசு அலுவலகத்தில் தட்டச்சராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். 2009 ஜூன் 12 அன்று பழைய ஒளிபரப்பை நிறுத்தி எல்லாவற்றையும் டிஜிட்டலாக மாற்றினார்களே, அப்போது அரசு நாற்பது டாலர் கூப்பன் கொடுத்தது, ஒரு பெட்டி வாங்கிப் பழைய டிவியோடு இணைத்துக்கொள்ள. எங்கள் வீட்டுப் பெட்டியை மாட்டிய கையோடு பாட்டியின் பெட்டியையும் நான்தான் மாட்டினேன். சேனல்களைத் தேடவிட்டபோது, ‘மற்றது வந்தால் வரட்டும், 32 வந்ததா பார்’ என்றார். ஏன் என்று கேட்டேன். 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டதைத் தொடர்ந்து நான்கு நாட்கள், பதினான்காம் தெருவும் ஏழாம் தெருவும் எரிந்ததைப் பற்றி அவர் சொன்ன கதை நீளம். சுருக்கமாக ஒன்று: தான் பிறந்து வளர்ந்த தெருவை அந்த வாரம் டிவியில் பார்த்தாராம்; புகை தெரிந்தது, துப்பாக்கியோடு சிப்பாய்கள் தெரிந்தார்கள், தெருவில் இருந்த ஒருவரிடம்கூட மைக்கை நீட்டவில்லை.

இது அந்தப் பாட்டியின் மனக்குறை மட்டுமில்லை. அதற்கு ஐந்து வாரம் முன்னால்தான், 1967 இனக் கலவரங்களை விசாரித்த கெர்னர் ஆணையம் இதையே அறிக்கையில் எழுதியிருந்தது: இந்த நாட்டின் ஊடகம் வெள்ளையரின் உலகத்துக்குள் நின்றுகொண்டு பேசுகிறது என்று.

‘அவங்க டிவி’ என்று ஒரு வாயில் சொன்னோமே, அந்த ‘அவங்க’வுக்கு ஒரு டிவி கிடைக்க என்ன பாடு பட்டார்கள் என்பதைச் செயற்குழு கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

1955இல் மிசிசிப்பி மாநிலம் ஜாக்சன் நகரில் ஒரு வணிக நிலையம். தேசிய அலைவரிசையில் தர்குட் மார்ஷல் பேச வருகிறார். ஹாவர்டில் சட்டம் படித்தவர்; பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பை அதற்கு முந்தைய வருடம்தான் வாங்கித் தந்திருந்தார். அவர் முகம் திரையில் வந்ததும் உள்ளூர் நிலையம் ஒளிபரப்பை வெட்டிவிட்டு, ‘மன்னிக்கவும், கேபிள் கோளாறு’ என்று அட்டையைக் காட்டியது. அந்த நிலையத்தின் எல்லைக்குள் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கறுப்பினத்தவர். புகார் செய்தார்கள். பார்வையாளர்களுக்கு வழக்காட உரிமையே கிடையாது, அலைவரிசை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு மட்டும்தான் உண்டு என்றது ஒளிபரப்பை மேற்பார்க்கும் ஆணையம். 1964இல் ஒரு வாரம் முழுக்க, பெயர் வெளியே தெரியாமல் சில தன்னார்வலர்கள் டிவி முன்னால் உட்கார்ந்து, எந்த நிகழ்ச்சியில் யார் பேசினார், யாரைப் பேசவிடவில்லை என்று குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகளோடு ஒரு தேவாலய அமைப்பும் ஊர்க்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். 1966இல் தீர்ப்பு: பார்ப்பவனுக்கும் உரிமை உண்டு. 1969இல் அந்த நிலையத்தின் உரிமமே போயிற்று. பின்னால் அதே நிலையத்துக்கு வில்லியம் டில்டே பொது மேலாளராக வந்தார். நாட்டில் ஒரு டிவி நிலையத்தின் தலைமையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர்.

டிவி முன்னால் உட்கார்ந்து குறிப்பெழுதிய அந்த ஆட்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு பேனாவும் நோட்டும்தான்.

பொதுத் தொலைக்காட்சியும் தானாகக் கதவைத் திறந்துவிடவில்லை. 1968 ஜூனில் ‘பிளாக் ஜர்னல்’ என்ற தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. கறுப்பின மக்களைப் பற்றி, கறுப்பின மக்களுக்காக என்று விளம்பரம். தலைமையில் இருந்தவர் வெள்ளையர். இரண்டே மாதத்தில் ஊழியர்கள் வேலையை விட்டு எழுந்து வெளியே போனார்கள். அதற்குப் பிறகே வில்லியம் கிரீவ்ஸ் கைக்குப் பொறுப்பு வந்தது. 1970இல் அவருக்குப் பின் வந்த டோனி பிரவுன்தான் அடுத்த வருடம் ஹாவர்டின் தகவல்தொடர்புப் பள்ளிக்கு முதல் டீன் ஆனார். 32ஆம் சேனல் எந்த மண்ணிலிருந்து முளைத்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

அதே 1968இல் டெட்ராயிட்டில் ஒன்று, பிட்ஸ்பர்க்கில் ஒன்று, பாஸ்டனில் ஒன்று என்று உள்ளூர் நிகழ்ச்சிகள் தொடங்கின. டெட்ராயிட்டில் தொடங்கியது ‘அமெரிக்கன் பிளாக் ஜர்னல்’ என்ற பெயரில் இன்றும் வருகிறது. பாஸ்டனில் வந்தது ‘சே பிரதர்’. 1970இல் நியூ பெட்ஃபோர்ட் ஊரில் கலவரம். அங்கே போய் ஊர்க்காரர்களையே பேசவைத்து ஒளிபரப்பினார்கள். நிலையம் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டது. மக்கள் திரண்டு போராடி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் ‘பேசிக் பிளாக்’ என்று பெயர் மாறி ஓடியது, 2024இல் ஆட்குறைப்பின்போது தயாரிப்பை நிறுத்தி வைத்தார்கள். இந்த முறை காரணம் கோபமில்லை, காசு. காசுக்கு எதிராக ஊர்வலம் போக முடியாது பாருங்கள்.

அலபாமாவில் மாநிலக் கல்வித் தொலைக்காட்சி ‘பிளாக் ஜர்னல்’ போன்றவற்றை ஒளிபரப்பவே மறுத்ததும், அதற்காக 1975இல் உரிமப் புதுப்பிப்பை இழந்ததும் தனிக்கதை. மிசிசிப்பியில் 1970 மே மாதம், வெள்ளைக் குழந்தைகளும் கறுப்புக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்பதற்காக ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியையே மாநில ஆணையம் தடை செய்து, நாடே சிரித்த பிறகு மூன்று வாரத்தில் விலக்கிக்கொண்டது. என் மகள் எழுத்துக் கற்றாளே, அந்தப் பாட்டு வந்த வழி இது.

இப்போது ‘அவங்க’ என்ற சொல்லுக்கு வருகிறேன். உங்களில் சிலருக்குக் கோபம் வரலாம்.

நான் பிறந்தது விருத்தாசலம் பக்கத்தில் ஒரு ஊர். எண்பதுகளின் கடைசியில் பஞ்சாயத்துக்கு ஒரு டிவி வந்தது. அரசு கொடுத்தது, ஊர்ப் பொதுச் சொத்து. மாரியம்மன் கோயிலுக்கு எதிரே பஞ்சாயத்து அறையில் மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். வெள்ளிக்கிழமை பாட்டுக்கும் ஞாயிறு படத்துக்கும் திறப்பார்கள். நாங்கள் உள்ளே பாயில் உட்காருவோம். சேரிப் பிள்ளைகள் வெளியே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். உள்ளே வராதே என்று எந்தப் பலகையும் கிடையாது. அப்படித்தான். மழை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுவோம், சாரல் டிவி மேல் படும் என்று. சாத்தியவர்களில் நானும் ஒருத்தி. ‘அது ஊர் டிவி’ என்று அன்று சொன்ன அதே நாக்குதான் இன்று ‘அது அவங்க டிவி’ என்கிறது. பொதுச் சொத்துக்கு நடுவில் கோடு கிழிக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2001இல் அலுமினியத் தாள் சுற்றிய ஆன்டெனாவோடு வெளியே நின்று பார்த்தவள் நான். ஜன்னலை அவர்கள் சாத்தவில்லை. யார் வீட்டு டிவியில் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டா அலை வரும்?

உங்கள் மற்ற இரண்டு காரணங்களையும் முடித்துவிடுகிறேன்.

வரிவிலக்கு. ஒரு அறநிறுவனம் இன்னொரு அறநிறுவனத்துக்கு நன்கொடை கொடுப்பதைச் சட்டம் தடுப்பதில்லை. தேர்தலில் ஒருவருக்கு வாக்குக் கேட்கத்தான் தடை. 32ஆம் சேனல் தேர்தலில் நிற்கவில்லை. ஹார்வர்டில் தமிழ் இருக்கை வேண்டும் என்று உலகத் தமிழரெல்லாம் சேர்ந்து 60 லட்சம் டாலர் திரட்டினோமே, அன்று நம் சங்கமும் உண்டியல் குலுக்கியது. ஒருவருக்கும் வரிவிலக்கு நினைவுக்கு வரவில்லை. ஹார்வர்டுக்கு மாசசூசெட்ஸ் வரை போன பணம், ஒரு ‘ர்’ குறைந்த ஹாவர்டுக்கு அரை மணி தூரம் போக மறுக்கிறது. 2020இல் கமலா ஹாரிஸ் மேடையில் ‘சித்தி’ என்று சொன்னதற்கு இனிப்பு வழங்கினோம். துளசேந்திரபுரத்துப் பேத்தி என்று பெருமைப்பட்டோம். அவருடைய அரசியல் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். அவர் 1986இல் பட்டம் வாங்கிய பல்கலைக்கழகத்தின் டிவிதான் இது என்று அன்று யாராவது சொல்லியிருந்தால், ஒருவேளை அந்த வாரமே நன்கொடை போயிருக்கும்.

யூட்யூப். தம்பி, உன் போனில் யூட்யூப் என்ன காட்டுகிறது என்று எனக்குத் தெரியும், என் போனிலும் அதேதான்: சென்னை மழை, சினிமாக்காரர் பேட்டி, யாரோ ஒருவர் ஊரில் வைக்கும் மீன்குழம்பு. நம் தெருவில் பஸ் வழித்தடத்தை மாற்றியதை அது சொல்லாது. அதைப் பார்க்க மாதம் எழுபது, எண்பது டாலர் இணையத்துக்குக் கட்ட வேண்டும். 2020இல் பள்ளிகள் மூடியபோது, நாடெங்கும் பொதுத் தொலைக்காட்சிகள் பகலில் பாடம் ஒளிபரப்பின. அடுத்த வீட்டுப் பாட்டியிடம் இரண்டு கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இருந்தார்கள். இணையத்துக்குக் கட்ட முடியாமல் நின்று போயிருந்தது. நான் மாட்டிய அந்தப் பழைய பெட்டியில்தான் படித்தார்கள். காற்றில் இலவசமாக வருவது வசதியுள்ளவர்களுக்குத் தெரியாது, அதனால் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

குறையே இல்லாத சேனல் என்று நான் சொல்ல வரவில்லை. காசில்லாத நிலையம், ஒரே ஆவணப்படத்தை மூன்று முறை போடுவார்கள், சில இரவுகள் கொட்டாவி வரும். பத்து வருடத்துக்கு முன்னால், கூட்டரசு நடத்திய அலைக்கற்றை ஏலத்தில் இதையும் விற்றுவிடலாமா என்று பல்கலைக்கழகமே யோசித்தது. பெருந்தொகை கிடைக்கும் என்று பேச்சு அடிபட்டது. 2017இல் விற்கவில்லை என்று அறிவித்தபோது எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த மாதமும் நான் அனுப்பியது முப்பத்தைந்து டாலர்தான். இருபத்தைந்து வருடத்தில் நான் கொடுத்த மொத்தமும் அதுவே. கார் வாங்கினோம், கேபிள் வந்தது, கோஜோவின் நிகழ்ச்சி நின்றது, நானும் 32ஐ மறந்தேன். உங்களைக் கேட்கும் கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

ஆகவே நான் கேட்பவை:

ஏழாவது பொருளில் ‘தொடர்பில்லாத’ என்ற சொல்லை நீக்குங்கள். நன்கொடை வேண்டாமென்றால் ‘வேண்டாம்’ என்று எழுதுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பொருளை வரும் பொதுக்குழுவில் வாக்கெடுப்புக்கு வையுங்கள். ஏழு பேர் பதினோரு நிமிடத்தில் முடிக்கிற விஷயமில்லை இது.

ஆயிரம் டாலரை இனி நான் கேட்கவில்லை. சித்திரை விழாவில் செலவு போக மிஞ்சும் தொகையில் பத்தில் ஒரு பங்கை, மூன்று வருடத்துக்கு, 32ஆம் சேனலுக்குக் கொடுங்கள். மிஞ்சவில்லை என்றால் அந்த வருடம் வேண்டாம்.

நம் வட்டாரத்தில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வந்த தமிழ் முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால் வந்தவர்கள் அவர்கள். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமைச் சட்டத்தைத் தந்த அதே காங்கிரஸ், அதே ஆண்டு தந்த சட்டம். அவர்கள் கதையைப் படம்பிடிக்க நாம் தனியே ஆள் தேட வேண்டாம். ஹாவர்டில் இதையே படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். நிலையத்தோடு பேசுங்கள், மாணவர்களுக்கு நியாயமான கூலி கொடுங்கள், எடுத்த படத்தை அவர்களும் ஒளிபரப்பட்டும்.

தமிழ்ப் பள்ளியின் மேல்வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் நிலையத்துக்கும் அழைத்துப் போங்கள். வேன் வாடகை என் பொறுப்பு.

உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் பகுதிக் காங்கிரஸ் உறுப்பினருக்கு, உள்ளூர்ப் பொதுத் தொலைக்காட்சிகளுக்கான பணத்தைத் திரும்ப ஒதுக்கக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம். மாதிரிக் கடிதத்தை நான் தயார் செய்து தருகிறேன். சங்கத்தின் பெயரில் வேண்டாம், அவரவர் பெயரில். மின்னஞ்சல் பட்டியலில் அனுப்பிவைக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

பொதுக்குழுவுக்கு நான் வருவேன். அந்த முயல்காது ஆன்டெனா இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதையும் ஒரு சின்ன டிவியையும் கொண்டுவருகிறேன். மேடைக்குப் பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்டும், ஜன்னலோரமாக ஒரு மேசையும் ஒதுக்கி வையுங்கள்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருத்தி,
ஹயாட்ஸ்வில், மேரிலாண்ட்